தெரியாத பெயருக்குப் பூச்சியம்

கல்முனையில், டயர்க்கடைக்கு மேல்மாடியில்
பதினாலு பேர் கூடினோம்.
விசயம் ஒரு வரிதான்:
தனக்குத் தெரியாத பெயரைக் கண்டால்
மரைக்கால் என்ன செய்ய வேண்டும்?

மரைக்கால் நெல் அளப்பதல்ல இப்போது,
நாங்கள் கணக்கு எழுதும் நிரல்மொழி.
தெரியாத பெயர் வந்தால்
பேசாமல் பூச்சியம் என்று வைத்துக்கொண்டு
அடுத்த வரிக்குப் போய்விடும்.
பத்து வருசத்துக்கு முன் அப்படி எழுதியவள் நான்.
கொள்கை என்று ஏதும் இருக்கவில்லை.
இரவு மூன்று மணி,
கரண்ட் இரண்டு தரம் போய் வந்திருந்தது,
எனக்கு நித்திரை.

சவளக்கடை ஆலையிலிருந்து அருந்தவச்செல்வி
ஒரு தாளை விரித்தாள்.
மேலே ஈரக்கழிவு. கீழே ஈரகழிவு.
ஒரு ஒற்று.
இருபத்து மூன்று நாள்
நனைந்த நெல்லைக் காய்ந்த விலைக்கு வாங்கியிருக்கிறது ஆலை.
"கொண்டுவந்த ஒருத்தரும் முறைப்பாடு செய்யயில்ல" என்றாள்.
எல்லோரும் சிரித்தோம்.
அவள் சிரிக்கவில்லை.

நிந்தவூர் றிம்ஸான் எழும்பினான்.
"என்னட்ட முந்நூத்திப் பன்னிரண்டு நிரல்.
எழுதின மச்சான் கட்டாரில.
மாசியில மெசின் வட்டைக்குள்ள இறங்கினா
ஒரு மணித்தியாலம் நிக்க ஏலா.
உங்கட புதுச் சட்டம் எத்தின இடத்தில நிக்கும் எண்டு
எனக்கும் தெரியா, உங்களுக்கும் தெரியா.
மறுகா, பூச்சியம் எனக்குப் பிழையில்ல.
நெல் வராத கண்டத்துக்கு நான் பெயரே எழுதுறதில்ல.
அதுவாப் பூச்சியம் போடும்.
நம்பித்தானே எழுதினோம்?"

ஐஸ் ஆலைக் கணக்குப் பார்க்கும் டெல்மா ரொசைரோ
மட்டக்களப்பிலிருந்து வந்தவள், சொன்னாள்:
"நிக்க வேணாம். மஞ்சள்ல ஒரு எச்சரிக்கை காட்டட்டும்."
போன வருசம் காட்டிப் பார்த்தோம்.
ஒருவர் அதை அலங்காரம் என்று நினைத்தார்.
இன்னொருவர் திரையையே மஞ்சளாக்கிவிட்டார்.

கை உயர்த்தினோம். ஆறுக்கு ஆறு.
ஒருவர் இரண்டு முறையும் உயர்த்தவில்லை.
எழுதினவளுக்கு இரண்டு வாக்கு என்றது ஒரு குரல்.
எழுதினவளுக்கு வாக்கே இல்லை என்றது இன்னொன்று.
எனக்கு இரண்டாவது பிடித்திருந்தது.

கீழே தேத்தண்ணி.
காற்றடிக்கும் மெசின் சத்தத்துக்குள்
றிம்ஸான் அவளிடம் கேட்டது எனக்கும் கேட்டது:
"அந்தக் காசு, உங்கட சம்பளத்தில பிடிச்சாங்களா?"
"பிடிக்கிறாங்க. இன்னும் நாலு மாசம்."
அவன் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
சீனி போடவில்லை என்பது போல.

மேலே வந்ததும் அவனே சொன்னான்:
"புது நிரல் நிக்கட்டும்.
பழசு பழைய மாதிரி ஓடட்டும்.
ஆனா பழசு எண்டு முதல் வரியில எழுதியிருக்கணும்.
முந்நூத்திப் பன்னிரண்டிலயும் நானே எழுதுறன்."
பத்துக்கு இரண்டு.
உயர்த்தாதவர் அக்கரைப்பற்றுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நிற்கும்போது என்ன சொல்லி நிற்பது என்பதற்கு
இன்னும் ஒரு மணித்தியாலம் போனது.
'பிழை' வேண்டாம், ஆலைப் பொடியன்கள் பயந்துவிடுவார்கள்.
'அறியப்படாத மாறி' என்றால் யாருக்கும் விளங்காது.
கடைசியில்:
இந்தப் பெயரை எனக்குத் தெரியாது. யார் இது?

இரவு வீட்டில் ஒரு வரியை அழித்து
நாலு வரி எழுதினேன்.
சோதிக்க என்னுடைய முதல் கோப்பையே எடுத்தேன்.
தலையில் பழசு என்று எழுதவில்லை,
வேண்டுமென்றே.

நாற்பத்தோராம் வரியில் நின்றது.
கீழ்க்கண்டப் பாக்கி.
நான் வைத்த பெயர்தான்.
எந்தக் கண்டம், யாருக்குப் பாக்கி, ஞாபகமில்லை.
பத்து வருசமாக ஒவ்வொரு போகமும்
அதைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன்,
பூச்சியமாக.

யார் இது? என்கிறது திரை.
இனி அங்கே பூச்சியம் வேண்டுமென்றால்
என் கையால்தான் போட வேண்டும்.

இன்னும் போடவில்லை.